பாயோடு ஒட்டவைப்பவர்கள்

31 கடதாசித் துண்டுகளிலும் நான் எழுதியிருந்தது ஒரே சொல்தான்: ‘ஊரவர்’. நாலாக மடித்து, பழைய பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் போட்டுக் குலுக்கி, பத்தாம் தரப் பிள்ளைகளை ஆளுக்கொன்றாக எடுக்கச் சொன்னேன். “ஊரவர் எண்டு இருந்தால் நீங்கள் ஊரவர். சூனியக்காரர் எண்டு இருந்தால் அது உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விசயம். ஒருத்தருக்கும் காட்டக்கூடாது.”

விளையாட்டின் விதி இவ்வளவுதான்: குழுவாகச் சேரவேண்டும். எந்தக் குழு பெரிதோ அது வெல்லும். ஆனால் குழுவுக்குள் ஒரேயொரு சூனியக்காரர் புகுந்திருந்தாலும் அத்தனை பேரும் தோல்வி. யாரையும் எதையும் கேட்கலாம். நேரம் 10 நிமிடம். அமெரிக்காவில் சேலம் சூனிய வழக்குகளைப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் ஆடவைக்கிற விளையாட்டு இது, என் கண்டுபிடிப்பல்ல.

முதல் இரண்டு நிமிடம் ஒரே சிரிப்பு. மூன்றாம் நிமிடத்தில், துண்டைப் பிரிக்கும்போது சிரித்தான் என்று ஒரு பொடியனை வெளியே தள்ளினார்கள். அடுத்ததாக, சிரிக்காமல் இருந்தாள் என்று ஒரு பிள்ளையை. ஒருவன் துண்டைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டதைக் கண்டதாக இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். கெட்டிக்காரி ஒருத்தி ஐந்து பேரைத் தெரிந்தெடுத்து, மூலையில் வாங்கைக் குறுக்கே போட்டு அடைத்துக்கொண்டாள். ஏழாம் நிமிடத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “இவளச் சேக்காதீங்க. இவட அம்மப்பா தண்ணி ஓதுறவர்.”

அவள் அந்தத் தவணைதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள். படுவான்கரைப் பிள்ளை; பாதை ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்து குருமண்வெளித் துறையில் இறங்கி வருகிறவள். (வெளியூர் வாசகருக்கு: இங்கே பாதை என்பது வீதி அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.) அவளுடைய அம்மப்பா, பயந்த குழந்தைகளுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பவர், நாவூறு பார்ப்பவர். எந்தக் குழுவும் அவளைச் சேர்க்கவில்லை. பின்சுவரோரம் போய் நின்றாள். பக்கத்தில் வகுப்புக் கூட்டும் தும்புத்தடி சாத்தியிருந்தது. அதைக் காட்டி ஒருவன் ஏதோ சொல்ல, வகுப்பு வெடித்துச் சிரித்தது. எங்கள் ஊர்ச் சூனியக்காரிகள் தும்புத்தடியில் பறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அது கார்ட்டூன் கொண்டுவந்த சரக்கு.

நேரம் முடிந்தது. “சூனியக்காரர் எல்லாரும் கையை உயர்த்துங்கோ” என்றேன்.

ஒரு கையும் உயரவில்லை. ஆளை ஆள் பார்த்தார்கள். சிலர் அப்போதும் பின்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்குக் கோட்டைக்குள் இருந்தவள் எழும்பிக் கோபமாகச் சொன்னாள்: “நீங்க எங்கள ஏமாத்திட்டீங்க சேர்.”

“சூனியக்காரர் இருக்கினம் எண்டு நான் சொன்னேனா?”

கொஞ்சம் யோசித்தாள். “இல்ல. இல்லையெண்டும் சொல்லல்லத்தானே.”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பாடப்புத்தகத்தில் ஐரோப்பிய மறுமலர்ச்சி இருக்கிறது. அச்சியந்திரம் வந்தது, அறிவு பரவியது என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அதே அச்சியந்திரத்தில்தான், சூனியக்காரிகளைக் கண்டுபிடித்து விசாரிப்பது எப்படி என்று ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி எழுதிய ‘மல்லேயுஸ் மலெஃபிகாரும்’ 1486இல் அச்சேறிப் பரவியது. ஏறக்குறைய 300 ஆண்டுகளில் ஐரோப்பாவில் இந்தக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. பெரும்பாலோர் பெண்கள். இளைப்பாற எனக்கு இன்னும் 2 வருடம்தான் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததையும் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகலாமென்று ஒரு ஆசை.

சேலம் என்றதும் பாதி வகுப்பு தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. மாம்பழச் சேலமல்ல, மாசசூசெட்ஸ் சேலம் என்று திருப்பிக் கொண்டுவரவேண்டியிருந்தது. 1692. சில சிறுமிகள் வலிப்பு வந்ததுபோல் துடித்து, இன்னார்தான் செய்வித்தார் என்று பெயர் சொன்னார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வழக்கில் வாய்திறக்க மறுத்த ஒரு கிழவரைக் கல்லடுக்கி நசுக்கினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் நின்றவர்கள் உயிர் தப்பினார்கள். ‘நான் இல்லை’ என்று நின்றவர்கள்தான் தூக்குக்குப் போனார்கள்.

“அப்ப ஓமெண்டு சொல்றதுதானே சேர்?”

“சொன்னால், உன்னோட கூட வந்தது ஆர் எண்டு கேட்பாங்கள்.”

ஒல்லாந்தரையும் சொல்லவேண்டும். 1638இல் எங்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அந்த ஆட்கள், அதற்கு ஒரு தலைமுறை முன்பே தங்கள் நாட்டில் சூனியக்காரிகளைக் கொல்வதை நிறுத்தியிருந்தார்கள். அங்கே ஔடவாட்டர் என்ற ஊரில் ஒரு நிறுவைக் கூடம். சூனியக்காரி என்றால் பறக்கிற அளவு பாரம் குறைவாக இருக்கவேண்டுமல்லவா? சந்தேகப்பட்டவரைத் தராசில் ஏற்றி, இவர் நிறை சரியானதுதான் என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். இதைக் கேட்டதும் வகுப்பில் ஆக மெலிந்த பிள்ளை, “என்ன நிறுத்தா நான் செத்தன்” என்றது.

இரண்டு நாள் கழித்து அந்தப் படுவான்கரைப் பிள்ளையின் தாய் வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. அதனால் எனக்குச் சங்கடம் கூடிப்போனது. “விளையாட்டெண்டு புள்ள சொன்னவள் சேர். எல்லாத் துண்டிலயும் ஒண்டுதான் எழுதியிருந்தெண்டும் சொன்னவள். ஆனா அப்பாவ இனித் தண்ணி ஓத வேணாமாம். வாற சனத்தத் திருப்பி அனுப்பட்டாம்.”

வகுப்பில் ஏற்கெனவே ஒதுங்கி நிற்கிற பிள்ளை எதுவோ, அந்தப் பிள்ளையைத்தான் இப்படியான விளையாட்டும் ஒதுக்கும். 30 வருடம் படிப்பித்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் ரின்னை நீட்டினேன். பாடம் நன்றாக வரவேண்டும் என்ற அவா.

மற்றவர்களைவிட எனக்கு இது கூடவே தெரிந்திருக்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்தான். தொண்ணூறுகளின் நடுவில் நியமனம் கிடைத்து இங்கே வெளிக்கிட்டபோது, ஊரில் கண்டவர் எல்லாரும் ஒரே புத்தியைத்தான் சொன்னார்கள்: “கவனம் தம்பி, மட்டக்களப்புக்குப் போனால் பாயோடை ஒட்டவைச்சிடுவினம்.” இரண்டு வருடத்தில் மாற்றம் எடுத்துத் திரும்புவதாகத்தான் எண்ணம். இங்கேயே கல்யாணம் கட்டினேன். அம்மா போட்ட கடிதத்தில் ஒரு வரி: “அவள் உன்னைப் பாயோடை ஒட்டிப்போட்டாள்.” என் மனைவி அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

என்னை ஒட்டவைத்தது எது? இந்தப் பக்கத்தில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கு. முடித்தவன் அவளுடைய வீட்டில் போய் இருப்பான். யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டுதான். ஆனால் அங்கே மகன் போவது அடுத்த ஒழுங்கைக்கு, சைக்கிளில் வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போகிற தூரத்துக்கு. நாட்டின் மறுகரையில் போய் இருந்துவிட்ட மகனுக்கு ஒரு தாய் ஏதாவது காரணம் கண்டுபிடிக்கத்தானே வேண்டும்? காணி உறுதியைக் காரணமாகச் சொல்ல மனம் வராது. மந்திரம் என்றால் மகன்மேல் பிழையில்லை.

நியூ இங்கிலாந்து வழக்குகளை ஆராய்ந்த கரோல் கார்ல்சன் 1987இல் ஒரு நூல் வெளியிட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களில் கணிசமானோர், சகோதரனோ மகனோ இல்லாததால் சொத்து கைக்கு வந்தவர்கள் அல்லது வர இருந்தவர்கள் என்று அதில் காட்டுகிறார். ஜார்க்கண்டில் விதவைகளுக்கு ‘டாயன்’ என்று பட்டம் சூட்டி ஊரைவிட்டுத் துரத்துவதற்குப் பின்னாலும் பல இடங்களில் ஒரு துண்டு வயல் கிடக்கிறது. அதைத் தடுக்கவென 2001இல் அங்கே சட்டம் கொண்டுவரவேண்டி வந்தது. கார்ல்சன் சொன்னதை முதன்முதலில் அறிந்த அன்று, எங்கள் அலுமாரியில் மனைவியின் பெயரில் கிடக்கிற உறுதியை ஒருதரம் எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம் துண்டுகள் இல்லை. ஒருவரும் சூனியக்காரி வேடம் போடவேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டேன். குற்றவாளிக் கூண்டில் ஒரு வெறும் கதிரை. பிள்ளைகளுக்கு யூரர் வேடம், அயலவர் வேடம், கூட்டத்தில் நின்று கூச்சல் போட்டவர்களின் வேடம். எடுத்த வழக்கு ரெபேக்கா நேர்ஸ் என்ற 71 வயதுக் கிழவியுடையது. 8 பிள்ளை பெற்றவள், ஊரில் மதிப்பான மனுசி. யூரர்கள் முதலில் குற்றமில்லை என்றுதான் தீர்ப்புச் சொன்னார்கள். சிறுமிகள் அலறினார்கள். தலைமை நீதிபதி ஸ்டோட்டன், அவள் முன்பு சொன்ன ஒரு வார்த்தையை எடுத்துக் காட்டி, திரும்ப யோசியுங்கள் என்றார். யூரர் தலைவர் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்டார். அவள் பேசாமல் நின்றாள். அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. தனக்குக் காது மந்தம், கேட்டது விளங்கவில்லை என்று பிறகு எழுதிக் கொடுத்தும் பயனில்லை. 1692 யூலை 19ஆம் திகதி தூக்கிலிட்டார்கள்.

யூரர் தலைவராக நின்றவன் செட்டிபாளையத்துப் பொடியன். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்தி வரைக்கும் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவன். வெறும் கதிரையைப் பார்த்து அந்தக் கேள்வியை ஒருதரம் கேட்டான். பிறகு சத்தமாகக் கேட்டான். மூன்றாம் தரம் கிட்டப்போய்க் குனிந்து கேட்டான். நான் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பி வந்து இருந்தபிறகு சொன்னான்: “கோவலனிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல சேர். இவட்டக் கேட்டாங்க, ஆனா இவக்குக் கேக்கல்ல.”

அவன் சிலேடை பேசவில்லை. தமிழில் அதற்கு வேறு சொல் அவன் கைக்குக் கிடைக்கவில்லை.

“இப்ப அப்பிடி நடக்காதுதானே?” என்று ஒருத்தி கேட்டாள். 2011 ஓகஸ்டில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டு வரச்சொன்னேன். இவர்கள் பிறந்தும் பிறக்காததுமான காலம். கிறீஸ் மனிதன், கிறீஸ் பூதம்: உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வருவான், பெண்களைக் கீறிவிட்டு ஓடுவான், பிடித்தால் வழுக்குவான். மலையகம், புத்தளம், யாழ்ப்பாணம், எங்கள் கிழக்கு என்று நாட்டையே அந்தப் பயம் பிடித்தது. கிண்ணியாவில் சனம் கடற்படை முகாமைச் சுற்றி வளைத்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். நாவாந்துறையில் துரத்திப் போனவர்களை இராணுவம் இரவோடிரவாக வீடு வீடாக இழுத்து அடித்தது.

பிள்ளைகள் கொண்டுவந்த கதைகளைக் கரும்பலகையில் எழுதினோம். ஒரு கதையில்கூட வீட்டுக்காரர் தாம் கண்டதாக இல்லை. கண்டவர் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இதே வகுப்பில்தான். அவனுடைய கதையில் கண்டவர் இவர்கள். இரண்டு கதைகளில் அடிவாங்கியவர் வந்தார்: ஒன்றில் தவணைக்குத் துணி விற்க வந்தவர், மற்றதில் மனம் பேதலித்துத் தெருவில் திரிந்த ஒருவர்.

அந்தப் பயத்தை வெறும் மூடத்தனம் என்று நான் தள்ளமாட்டேன். யுத்தம் முடிந்து இரண்டு வருடம், மூலைக்கு மூலை காவலரண், ஆம்பிளை இல்லாத வீடுகள் எத்தனையோ. பயப்படக் காரணம் இருந்தது. அடி விழுந்தது மட்டும் துணிக்காரர்மேல்.

ஓய்வறையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மூத்த ஆசிரியை ஒருவர், “அப்ப தலையாட்டியையும் நடிக்க விடப்போறீங்களோ?” என்று கேட்டார். யுத்த காலத்தில் தலையாட்டி முகத்தை மூடிக்கொண்டு வாகனத்துக்குள் இருந்து, முன்னால் வரிசையில் போகிறவர்களில் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறாரோ அவரைப் படையினர் கொண்டுபோய்விடுவார்கள். சேலத்தில் சிறுமிகளாவது முகம் காட்டினார்கள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதிமுகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேரின் வீட்டார் இன்னும் காத்திருக்கிற மாவட்டம் இது. எந்தப் பிள்ளையின் தலையில் சாக்கைப் போட்டு, நீ ஆட்டு என்று சொல்வது? மாட்டேன் என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவ எழும்பிப் போனார்.

சென்ற சனிக்கிழமை நானே பாதை ஏறி அக்கரைக்குப் போனேன், தண்ணீர் ஓதும் அந்தக் கிழவரிடம் மன்னிப்புக் கேட்க. பாதையில் நின்றபடி வசனங்களை ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். நான் சொல்லி முடிக்கும்வரை வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டு, “வகுப்பில சூனியக்காரன் ஒருத்தனும் இல்லையெண்டு சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்றார். “நல்லம். ஊருக்குள்ளயும் இல்லையெண்டு சொல்லிராதீங்க சேர். எனக்குச் சோறு போடுறதே அந்த ஆள்தான்.”

உள்ளே போய்ப் பன்பாய் ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் விரித்தார். “இருங்க. நீங்க யாழ்ப்பாணமெண்டு புள்ள சொன்னவள். பயப்படாதீங்க, ஒட்டாது.”

இருந்தேன். தேத்தண்ணி வந்தது. கிழவர் நெல் விலை, யானை வேலி, மகளின் மூட்டுவலி என்று கதைத்துக்கொண்டே போனார். வெயில் சாய்ந்ததும் வெளிக்கிடலாமென்று எழும்பினால் முழங்கால் பிடித்துக்கொண்டது. கையை நிலத்தில் ஊன்றி எத்தனித்து, மறுபடி பாயிலேயே இருந்துவிட்டேன். கதவு மறைவில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. இரண்டாம் தரமும் எழும்ப முடியவில்லை.