பணம் அனுப்புபவரும் பட்டியல் போடுபவரும்

2009இன் பின்னர் வடக்கு, கிழக்குக் கிராமங்களுக்குப் புலம்பெயர்ந்தோரின் பணம் தொடர்ந்து வருகிறது. கோயில் திருப்பணி, பாடசாலைக் கட்டடம், தையல் இயந்திரம். எது தேவை என்பதைப் பெரும்பாலும் பணம் அனுப்புபவரே தீர்மானிக்கிறார்.

1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வங்கியாளர் பிரெட்ரிக் கோஃப் வேறொரு வழியைத் தொடங்கினார். கொடையாளர் இறந்த பின்னும் அவரது உயிலின் பழைய நிபந்தனைகளில் பணம் முடங்கக்கூடாது என்பது அவர் எண்ணம். நன்கொடைகள் பொது நிதியமாகத் திரண்டன. அவற்றைப் பகிரும் பொறுப்பு நகரவாசிகள் குழுவிடம் போனது. சமுதாய நிதியங்கள் அங்கிருந்தே பரவின. இவற்றின் நிர்வாக சபையினர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். விண்ணப்பங்களை ஆராய்வதும் கணக்கை மேற்பார்ப்பதும் அவர்கள் பணி.

எங்களிடம் தொண்டர்களுக்குப் பஞ்சமில்லை. சனசமூக நிலையமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சம்பளமில்லாத உழைப்பில்தான் நடக்கின்றன. ஆனால், 'சும்மா செய்பவரிடம் கணக்குக் கேட்பதா?' என்ற கூச்சத்தில் பதவிகள் ஆண்டுக்கணக்கில் கைமாறாத சங்கங்களும் உண்டு. போரில் கணவனை இழந்த பெண் பயனாளிப் பட்டியலில் இருப்பார். பட்டியல் தயாரிக்கும் குழுவில் இருக்கமாட்டார்.

இதை மாற்றப் பெருந்தொகை தேவையில்லை. பதவிக்கு ஆண்டு வரம்பு வேண்டும். உறவினரின் விண்ணப்பம் வரும்போது உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். கணக்கறிக்கை அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும். நாட்கூலிக்குப் போகும் பெண்ணும் வரக்கூடியதாகக் கூட்டம் மாலையில் நடக்க வேண்டும். அவருக்குப் பஸ் காசும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டு வசதியுள்ளவர்களின் உரிமையாகவே எஞ்சும்.