ரிவிட் அடிப்பவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர்

"ரிவிட் அடிக்கிறது" என்றால் நம்ம ஊரில் அடுத்தவனுக்கு ஆப்பு வைப்பது என்று அர்த்தம் :-) நான் சொல்ல வந்தது நிஜ ரிவிட். வாணலியின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அந்த ஜாதி. அதை வைத்து வீட்டுக் கார் ஷெட்டிலேயே விமானம் கட்டுகிறார்கள். பி.காம். படித்துவிட்டு வவுச்சர் பார்க்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

அமெரிக்காவில் இதற்குத் தனிச் சட்டப்பிரிவே உண்டு. விமானத்தின் பெரும்பகுதியை ஒரு அமெச்சூர், கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ தானே கட்டியிருக்க வேண்டும். வேன்ஸ் என்ற கம்பெனியின் 'ஆர்.வி.' கிட்டுகளை வாங்கி இப்படிக் கட்டிப் பறந்தவை மட்டும் 11,000-க்கு மேல். ஒரு விமானத்துக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான ரிவிட்டுகள். தகடோ பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 0.6, 0.8 மி.மீ. அலுமினியம்.

வேலை இப்படி நடக்கும். துளை போட்டு, பிசிறு எடுத்து, ரிவிட்டைச் செருகுவார்கள். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் தலையில் தட்டுவார். உள்ளே இன்னொருவர் கனமான இரும்புக்கட்டியை வாலில் அழுத்திப் பிடிப்பார். வால் நசுங்கி இன்னொரு தலையாகும். அது ரிவிட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும், பாதி உயரமும் இருந்தால் சரி. குறைந்தால் பிடிப்பு போதாது. அதிகமாக அடித்தால் தகடு நெளியும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. துப்பாக்கி பிடித்தவருக்குப் புதுத் தலை தெரியவே தெரியாது. கட்டி பிடித்தவர்தான் பார்த்துவிட்டு "சரி", "இன்னும் கொஞ்சம்", "போச்சு" என்று சொல்ல வேண்டும். எங்கள் பேங்கில் இதற்குப் பெயர் மேக்கர்-செக்கர். என்ட்ரி போட்டவரே அதை பாஸ் பண்ண முடியாது. அவர் திருடன் என்பதால் அல்ல. தன் வேலையில் உள்ள தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால்.

இப்போது ஒற்றை ஆளாகக் கட்டுகிறவர்கள் நிறைய. பாப் ரிவிட் என்றால் வெளியிலிருந்தே இழுத்துவிடலாம், உள்ளே ஆள் வேண்டாம். அந்த ரிவிட்டைக் குறை சொல்லவில்லை. கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஜெனித் விமானங்கள் அதை நம்பியே பறக்கின்றன. என் கவலை ரிவிட் பற்றியது அல்ல, செக்கர் காணாமல் போவது பற்றியது. இறக்கையின் கடைசித் தகட்டை மூடிவிட்டால் உள்ளே இருப்பதை யார் பார்ப்பது?

1988 ஏப்ரல் 28-ல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் பலியானார். தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், பாரமெல்லாம் ரிவிட்டுகள் மேல் விழுந்திருந்தது. ரிவிட் தலை உள்ளே அமர, மெல்லிய தகட்டை முழுக் கனத்துக்கும் சரிவாகக் குடைந்திருந்ததால் துளையின் விளிம்பு கத்திமுனை போலாகி, அங்கிருந்தே விரிசல் பரவியது. ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை!

அதனால்தான் வீட்டில் கட்டுகிறவர்கள் மெல்லிய தகட்டைக் குடைவதில்லை, அச்சில் அழுத்திக் குழிக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. வேன்ஸ் கம்பெனி லேசரால் துளையிட்டு அனுப்பிய பாகங்களில், குழித்தபோது துளையோரம் விரிசல் விட்டது. தங்கள் பட்டறையில் கண்ணால் பார்த்துப் புகார் சொன்னவர்கள் கட்டுகிறவர்கள்தான். வேறு நஷ்டங்களும் சேர்ந்து 2023 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டது, பிறகு மீண்டது. முதல் கதையில் பார்த்தவர் வாய் திறக்கவில்லை, இரண்டாவதில் திறந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் பிழைக்க வந்த இந்த மும்பையில், காந்திவலியில் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார் கேப்டன் அமோல் யாதவ். 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். பேப்பர் நகர்வதற்குள் மனுஷனுக்குத் தாவு தீர்ந்திருக்கும். அனுமதியைச் சுலபமாக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்காவில் இ.ஏ.ஏ. என்ற சங்கத்தின் அனுபவசாலிகள் காசு வாங்காமல் பட்டறைக்கு வந்து, தகடு மூடும் முன்பே பார்த்துச் சொல்கிறார்கள். நமக்கு முதலில் வேண்டியது அந்த ஏற்பாடு. விமானப்படையிலும் எச்.ஏ.எல்.லிலும் ஓய்வு பெற்ற எத்தனை ஃபிட்டர்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்! ஆளைத் தேடிப் போக வேண்டியதுதான் பாக்கி.

இன்னொன்று. செக்கர் என்றால் கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கச் சொல்கிறவர் அல்ல. லேசாகக் கோணிய ரிவிட்டைத் துளைத்து எடுக்கப்போனால் துளை பெரிதாகி நிலைமை இன்னும் மோசமாகலாம். "இது இருக்கட்டும், அதை மாற்று" என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்குக் கண்ணும் அனுபவமும் வேண்டும், ரப்பர் ஸ்டாம்ப் போதாது.

தனியாகக் கட்டுங்கள், தப்பே இல்லை. மூடுவதற்கு முன் மட்டும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பக்கத்து சீட்டில் உட்காரப்போவது உங்கள் வீட்டு ஆள்தானே.