இரண்டாம் வாய்ப்பு எவர்க்கு?

"ஏழை நாட்டுக்கு எதற்கய்யா எந்திரக்கையால் கதிர்ச் சிகிச்சை? முதலில் மாத்திரை கொடுங்கள், மற்றவை பிறகு!" என்று அறிவுரை புகல்வோர் உளர். தோழர்களே! அவர்க்கு விடை கூறுமுன், அக்கருவி எவர்க்குத் தேவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஏறத்தாழ 1,27,000 பேர்; அந்நோயால் மாண்டவர் ஏறத்தாழ 80,000 பேர் என்பது மதிப்பீடு. நாற்று நட்ட கை, செங்கல் சுமந்த தலை, பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் பட்டினி கிடந்த வயிறு! நோய் முற்றிய பிறகே இவர்களில் பலர் மருத்துவமனைப் படியேறுகின்றனர். கதிர்வீச்சால் பலர் பிழைக்கின்றனர். சிலர்க்கோ, அதே இடுப்புக்குழியில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது.

சிக்கல் அங்கேதான்! முன்பு ஏற்ற கதிரைக் குடலும் மறப்பதில்லை, சிறுநீர்ப்பையும் மறப்பதில்லை. பழைய முறையிலேயே மறுபடி கதிர் பாய்ச்சினால் புண்ணாகலாம், துளை விழலாம், குருதி கொட்டலாம். அறுவையை நாடினாலோ, 1948-இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் அறிவித்த முறைப்படி, கருப்பையோடு சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் இழக்க நேரலாம்.

ஸ்டான்ஃபோர்டு மூளை அறுவை மருத்துவர் ஜான் ஆட்லர் உருவாக்கிய 'சைபர்நைஃப்' 1994-இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. எக்ஸ்ரே படங்களால் கட்டியின் இருப்பிடத்தை அடிக்கடி கண்டறிந்து, எந்திரக்கை தன்னைத் திருத்திக்கொள்கிறது. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே இலக்கில் குவிக்கிறது. கட்டிக்குப் பேரடி, அண்டை உறுப்புக்குக் குறைந்த கேடு. பெரும்பாலும் ஐந்து அமர்வுகளுக்குள் சிகிச்சை முடிகிறது.

இதை மாயமருந்தென விற்போரையும் நம்பாதீர்! எல்லார்க்கும் இது பொருந்தாது. கட்டி சிறிதாக இருக்கையிலேயே பயன் மிகுதி. கேடு குறையுமேயன்றி அறவே நீங்காது. கிடைத்துள்ள சான்றுகளும் பெரும்பாலும் சிறு தொகையினரான நோயாளிகளைப் பற்றியவையே. ஆயினும், எல்லா வழியும் அடைபட்டவளுக்கு இது ஒரு வாயில். அவ்வாயிலில் மருத்துவ அறிவு காவல் நிற்கட்டும், பணப்பை நிற்கலாமா? 2009-இல் இக்கருவி சென்னைக்கு வந்தது. தனியார் மருத்துவமனைக்கு வந்தது!

"வருமுன் காப்பதே மேல்" என்கின்றனர். மறுத்தவர் யார்? திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையால், இந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வழி தெரிந்தும் ஊர்தோறும் சோதனையைக் கொண்டுசெல்லாதவர்கள், இன்று படுக்கையில் கிடப்பவளிடம் "வருமுன் காத்திருக்கலாமே" என்பது அறமா? காக்கத் தவறியவனுக்குக் கைவிடவும் உரிமை உண்டா?

ஆகவே மூன்று கோரிக்கைகள். அரசுப் புற்றுநோய் மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். சிகிச்சை முடிந்தோரைத் தேடிச்சென்று சோதித்து, திரும்பும் கட்டியைச் சிறிதிலேயே கண்டறிய வேண்டும். எவ்விடத்தில், எத்தனை கிரே கதிர் தரப்பட்டது என்ற முழுப் பதிவேட்டை ஒவ்வொரு நோயாளியின் கையிலும் கொடுக்க வேண்டும். பழைய கணக்கின்றி மறுகதிருக்குத் திட்டம் வகுத்தல் இருட்டில் அம்பு எய்வதாகும். கருவி வாங்கக் கோடிகள் வேண்டும். பதிவேடு கொடுக்கக் காகிதம் போதுமே! அதற்குமா நிதியில்லை?

தோழர்களே, கிளைதோறும் இதைப் பேசுங்கள். அறிவியல் தந்த இரண்டாம் வாய்ப்பு, முதல் வாய்ப்பே கிட்டாதவளின் குடிசைக் கதவையும் தட்டட்டும்!