ஆவாரைக்கு ஒரு பாத்தி

ரோஜாவைப் பற்றியும் மல்லிகையைப் பற்றியும் எழுதும் நான், என் வீட்டுப் பின்கட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று ஒரு சிநேகிதிக்குக் குறை. இன்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. சூளகிரியில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், பின்னால் அரை கிரவுண்டு செம்மண் நிலம் சும்மா கிடந்தது. முதல் மழைக்கே பச்சைப்பசேலென்று எதுவோ முளைத்தது. கீறிவிட்டாற்போல் இலை, வெள்ளைப் பொட்டுப் பொட்டாய்ப் பூ. 'பார்க்க நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிட்டேன். நாலு வயசுப் பையன் அதற்குள்ளேயே விளையாடுவான்.

இரண்டு மாதத்தில் அவன் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடிப்பு; ராத்திரியெல்லாம் சொறி. சோப்பை மாற்றினேன், கத்தரிக்காயை நிறுத்தினேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் தோல் டாக்டர், "வீட்டைச் சுற்றிப் பார்த்தீனியம் இருக்காம்மா?" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானே அல்லவா வளரவிட்டிருக்கிறேன்!

அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனே பக்கம் தலைகாட்டி, நாடெங்கும் பரவிவிட்டது. ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். அதைத் தின்று அழிக்கட்டும் என்று மெக்சிகோ வண்டு ஒன்றைத் தருவித்து 1984-ல் நம் பக்கத்துப் பெங்களூரில் விட்டார்கள். வண்டும் தின்கிறது, செடியும் முளைக்கிறது!

பையனை உள்ளே வைத்துவிட்டு, கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேரோடு பிடுங்கினோம். பூப்பதற்கு முன்பு, மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்குவதுதான் சரி. ஆனால் அடுத்த மழைக்கே மறுபடி முளைத்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அவ்வா, "எடத்தைச் சும்மா விட்டா வரத்தாம்மா வரும். தங்கேடு வையி" என்றார். தங்கேடு என்றால் நம் ஆவாரைதான். பார்த்தீனியத்தை அமுக்க விஞ்ஞானிகள் சொல்லும் செடிகளிலும் தகரை, ஆவாரை உண்டு.

"ரோட்டோரத்துல கிடக்கிறதையா காசு போட்டுக் கட்டின வீட்ல வைக்கிறே?" என்றார் மாமியார். எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் வைத்தேன்.

ஆவாரை நெற்றிலிருந்து விதையெடுத்து, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, கோடை மழையோடு மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றினேன். வேலியோரம் நொச்சிக் குச்சி. கல்லிடுக்கில் கணுவோடு பிரண்டைத் துண்டு. இடையில் தும்பையும் சிறுபீளையும் விதை உதிர்த்துத் தாமே பெருகின. தரையோடு நீலப்பூ விஷ்ணுகிராந்தி. எருவோ மருந்தோ போடவில்லை. முதல் கோடையில் மட்டும் பாத்திரம் அலசிய தண்ணீர். பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் வீட்டில் இது சின்ன லாபமா?

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எருக்கம்பால் கண்ணுக்கு ஆகாது. செங்காந்தள் கிழங்கு கொடிய விஷம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இரண்டும் வேண்டாம். பிரண்டையை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவுங்கள். நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால்தான் துவையல் நாக்கில் அரிக்காது.

பையன் உடம்பு சரியாகப் பல மாதம் ஆயிற்று. டாக்டர் கொடுத்த களிம்புதான் முக்கியம். செடி வைத்ததாலேயே குணமாயிற்று என்று சொல்லமாட்டேன். இன்றும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நாலைந்து பார்த்தீனியக் கன்றைத் தேடிப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் புதர் அடர்ந்த இடத்தில் அதன் ஜம்பம் சாயவில்லை.

இப்போது ஆவாரையில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிட, பையன் பக்கத்தில் உட்கார்ந்து புழு எண்ணுகிறான். போன பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்ட வேப்பிலையோடு வைக்க ஆவாரம்பூவும் பூளைப்பூவும் தேடி யாரும் ரோட்டுக்குப் போகவில்லை. மாமியார் தாமே பின்கட்டில் பறித்தார். பறித்துவிட்டு அவ்வா வீட்டுக்கும் ஒரு கொத்துக் கொடுத்தனுப்பினார். "நம்ம வீட்டுப் பூன்னு சொல்லு" என்றார்.

உங்கள் ஊர் வேலியோரத்தில் என்ன பூக்கிறது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரே ஒரு பாத்தி அதற்கு ஒதுக்கிப் பாருங்களேன்.