தாய் தந்த நினைவு



சொற்கலை கற்பித்து வாழ்ந்த ஓர் ஆசிரியர், தம்மை உருவாக்கியவை எவை என்று பின்னோக்கிப் பார்த்து எழுதிய நூலே புனித அகுஸ்தினாரின் ‘அறிக்கைகள்’. கி.பி. 354-இல், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே நகரில் பிறந்த அவர், கார்த்தேஜ், உரோமை, மிலான் ஆகிய நகரங்களில் மாணவர்க்குச் சொற்கலை பயிற்றினார். பின்னர் ஆயரான நிலையில், 397-ஆம் ஆண்டையொட்டி இந்நூலை எழுதத் தொடங்கினார். இதன் 13 பகுதிகளுள் பத்தாவதில், நினைவாற்றலை ஒரு பெருமாளிகையாகக் கண்டு, அதனுள் இறைவனைத் தேடுகின்றார்.

சிறுவயதில் பயின்ற வெர்ஜிலின் காவியத்தை அவர் மறக்கவில்லை. அதில் வரும் தீதோ அரசியின் சாவுக்குக் கண்ணீர் விட்ட தாம், தம் ஆன்மாவின் சாவுக்கு அழவில்லையே என வருந்துகின்றார். 19-ஆம் வயதில் படித்த சிசரோவின் ‘ஓர்த்தென்சியுஸ்’ என்னும் நூல் அவருள் ஞான வேட்கையை மூட்டியது. ஆயினும் ஒரு குறை உறுத்திற்று. அந்நூலில் கிறிஸ்துவின் பெயர் இல்லை! அப்பெயரைத் தாய்ப்பாலோடு பருகியிருந்தமையால், எத்துணைச் சிறந்த நூலும் அப்பெயரின்றி அவரை முற்றிலும் ஆட்கொள்ள இயலவில்லை.

அவருடைய பெற்றோர் நம்மைப் போன்றவர்களே. தந்தை பாத்ரீசியுஸ் தம் வசதிக்கு மீறிச் செலவிட்டு மகனைக் கார்த்தேஜுக்கு அனுப்பினார். மகன் நாவன்மையில் சிறக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை. அன்னை மோனிக்காவும், படிப்புக்கு இடையூறாகும் என அஞ்சி மகனின் திருமணத்திற்கு விரையவில்லை. இவற்றை மகன் மறைக்காது எழுதுகின்றார். பொருள் செலவிட்டுப் பெற்ற ஆசிரியத் தொழிலை 386-இல் அவர் துறந்தார். செலவின்றி அன்னை ஊட்டிய பெயரோ நிலைத்து நின்றது. பல ஆண்டுகள் வழிதவறி அலைந்தபின், 387-இல், தம் 32-ஆம் வயதில், மிலான் ஆயர் புனித அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார். கற்ற கல்வியும் வீணாகவில்லை. அதன்பின் அது அப்பெயருக்கே பணி செய்தது.

பள்ளிக் கட்டணத்திற்காக நகைகளை அடகு வைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அந்தத் தியாகம் போற்றத்தக்கதே. ஆனால் தேர்வு நெருங்கினால் முதலில் நின்றுபோவது குடும்பச் செபம் அன்றோ? நாளை நம் பிள்ளைகள் அயலூரில், புதிய நூல்களுக்கும் நண்பர்களுக்கும் நடுவே நிற்பர். அங்கே குறைவது யாது என அவர்களுக்கு உணர்த்த நாம் உடன் இருக்கமாட்டோம். நாம் விதைத்த நினைவே உடன் இருக்கும்.

இன்றிரவு உறங்குமுன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, இயேசுவின் பெயரைச் சொல்லுங்கள். தேர்வுக் காலத்திலும் அதை நிறுத்தாதீர்கள்.