காரைத் தாழ்த்துவது மகன், அவதிப்படுவது குடும்பமா?



இப்போதெல்லாம் தெருவில் சில கார்கள் வயிறு தரையில் உரசுகிற மாதிரி தாழ்வாகப் போகின்றன. கம்பெனியிலிருந்து அவை அப்படி வருவதில்லை. வாங்கிய பிறகு மெக்கானிக் ஷாப்பில் விட்டு, சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று, இரண்டு சுற்று வெட்டி எடுத்துவிடுகிறார்கள். கேட்டால், "ரேஸ் கார் மாதிரி கெத்தா இருக்கு" என்கிறார்கள் பையன்கள். "கார் விஷயம் ஆம்பளைங்க பாத்துப்பாங்க" என்று பல வீடுகளில் பெண்கள் வாயே திறப்பதில்லை. ஆனால் அந்தக் காரின் பின் சீட்டில் உட்காருவது யார்? வயதான மாமியாரும், பிள்ளைத்தாய்ச்சியும், மடியில் குழந்தையுமாக நாம்தானே!

என் பெரிய நாத்தனார் மகன், பழைய கார் ஒன்றை வாங்கி இப்படித்தான் ஸ்பிரிங்கை வெட்டினான். அவன் தங்கைக்கு சிசேரியன் ஆகி, ஐந்தாம் நாள் அந்தக் காரில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டொம்' என்று அடி. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, முடியலை அத்தை" என்று அந்தப் பெண் அழுதது இன்னும் என் காதில் கேட்கிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி சரியாக மூடாத தெருவில் ஒரு கல் அடியில் இடித்தது. ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது. "இன்னும் ரெண்டு தெருதானே" என்று அவன் நிறுத்தாமல் ஓட்டியதில் இன்ஜினே இறுகிப்போயிற்று. ரிப்பேருக்கு நாத்தனாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. கெத்து அவனுக்கு, சங்கிலி அவளுடையது!

இதில் என்ன கெடுதல் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றுக்கும் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே ஏறக்குறைய 160 முதல் 180 மில்லிமீட்டர் இடைவெளி வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் அது இன்னும் குறையும். ஸ்பிரிங்கையும் வெட்டிவிட்டால் மீதி என்ன இருக்கும்? சுற்று குறைந்த ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். அது மேலும் கீழும் அசைய இடம் இல்லாததால், குழியில் இறங்கும் அதிர்ச்சி நேரே நம் முதுகெலும்புக்கு வருகிறது. சக்கரத்தின் சாய்வு மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஷாக் அப்சார்பரும் சீக்கிரம் போய்விடும்.

ரேஸ் கார் தாழ்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது நிலையாக நிற்க அது உதவும். ஆனால் அது ஓடுவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது போன்ற வழவழப்பான ரேஸ் டிராக்கில். நம் தெரு அப்படியா இருக்கிறது?

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பையன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, ஏறுவதும் இறங்குவதும் தெரியாமல் வளைவாக இருக்க வேண்டும் என்று 1988-லேயே இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. எங்கள் பகுதியிலோ ராத்திரியோடு ராத்திரியாக சுவர் மாதிரி எழுப்பிவிட்டு, வெள்ளைக் கோடுகூடப் போடாமல் போய்விடுகிறார்கள். வெட்டாத காரே அதில் இடிக்கிறது. நகராட்சிக்காரர்கள் கொஞ்சம் டேப்பை வைத்து அளந்து பார்த்தால் புண்ணியமாகப் போகும்!

வீட்டில் ஏற்கெனவே தாழ்த்திய கார் இருந்தால், பழைய அளவு ஸ்பிரிங்கையே மாட்டச் சொல்லுங்கள். அதுவரை சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். வேகத்தடைக்கு முன்பே பிரேக் பிடித்து, ஏறும்போது காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்கோடு ஏறினால் காரின் முன்பக்கம் இன்னும் தாழ்ந்து இடிக்கும். மேடு பெரிதாக இருந்தால், முடிந்தவர்கள் இறங்கி நடந்துவிடலாம். அடியில் பலமாக இடித்த பிறகு சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், பத்தடிகூட ஓட்டாமல் உடனே இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, காருக்கு மாதத் தவணை கட்ட வீட்டுச் செலவில் பிடித்தம் செய்வது நாம்தான். அது ரிப்பேரானால் நகையைக் கழற்றுவதும் நாம்தான். அப்படியிருக்க, அதன் உயரத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லையா? "காருக்கு ஒரு சின்ன வேலை, பணம் கொடும்மா" என்று மகன் வந்து நின்றால், "என்ன வேலை? அதில் உன் பாட்டி உட்கார முடியுமா?" என்று கேட்டுவிட்டு பீரோவைத் திறங்கள்.

- ஓர் இல்லத்தரசி, திருச்சி