தூரிகையால் மெருகிடுதல்

உயர் வெப்பத்தில் சுடப்படும் ஸ்டோன்வேர் என்னும் கல்வகை மட்பாண்டங்களுக்கு மெருகிடுவதில் தோய்த்தல், ஊற்றுதல், தெளித்தல், தூரிகையால் பூசுதல் என நான்கு முறைகள் வழங்குகின்றன. முதலிரண்டுமே தொழிலறிந்தோர் முறை, தூரிகை சிறுவர் வேலை என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவைப் போல ஒரே வகைக் கலங்கள் ஏராளமாகச் செய்யப்படும் இடங்களுக்கு அவ்வெண்ணம் பொருந்தலாம். இருபது கலங்களும் ஐந்து நிறங்களும் கொண்ட பள்ளிக்கூடத்துக்கு அது பொருந்தாது. ஜாடி ஒன்றைத் தோய்க்க அது முழுகும் அளவு குழம்பு வேண்டும். ஐந்து நிறத்துக்கு ஐந்து வாளி. தூரிகைக்கோ நிறத்துக்கு ஒரு கிண்ணம் போதும். தெளிப்பு முறையில் சிலிகா கலந்த நுண்துளிகள் காற்றில் பரவுகின்றன. காற்றை வெளியே இழுக்கும் விசிறியுடன் கூடிய தனி அறை இல்லாத பள்ளியில் அதனை அனுமதிப்பதே தவறு.

தூரிகை முறை கெட்ட பெயர் பெற்றதற்குக் காரணம் தூரிகையன்று. தோய்ப்பதற்கென்று கரைத்த குழம்பை அப்படியே தூரிகையில் எடுத்துப் பூசுவதே காரணம். சுமார் 1,000 பாகை சென்டிகிரேடில் முதற்சூடு பெற்ற கலம் நீரை விரைவாக உறிஞ்சும். தூரிகை இரண்டு விரற்கடை நகர்வதற்குள் குழம்பு இறுகிவிடுகிறது. ஓரிடம் தடித்து, மறு இடம் வெறுமையாகிறது. சூளையில் அக்கோடுகள் மறைவதில்லை. குழம்பில் சி.எம்.சி. என்னும் செல்லுலோஸ் பசையை, உலர்பொடியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் நீர் மெதுவாக இறங்கும். தூரிகையும் தடையின்றி ஓடும். பசை சூளையில் எரிந்து போய்விடும். (பசை சேர்த்த குழம்பு நாட்பட்டால் அழுகி நாறும், ஆகவே தேவையான அளவே கரைத்தல் நலம்.) மென்மயிர்த் தூரிகையால் மூன்று பூச்சுகள், ஒன்றன் குறுக்கே மற்றொன்றாக, முந்தியதன் ஈர மினுமினுப்பு மறைந்த பின் இடவேண்டும். அடிப்பாகத்தில் சிறிதளவு பூசாமல் விடாவிடில் கலம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கலவைக் குறிப்புகளை வெளியிடுவோர் தோய்ப்புக் குழம்புக்கும் தூரிகைக் குழம்புக்கும் தனித்தனி அளவு தராதது பெருங்குறை. தோல்வியுற்ற ஆசிரியர்கள் எளிதில் உருகிப் பளபளக்கும் ஈயக் கலவைகளை நாடுவதற்கு அதுவும் இடம் தருகிறது. ஈய மெருகிட்ட கலத்தில் புளிக்குழம்போ ஊறுகாயோ தங்கினால் ஈயம் உணவில் கரையக்கூடும். அதனால் மிகுதியும் கேடுறுவோர் குழந்தைகள். 1,200 முதல் 1,300 பாகை வரை எட்டும் சூளைக்கு ஈயம் தேவையே இல்லை. பெல்ஸ்பாரும் சுண்ணாம்பும் அங்கே இளக்கியாகப் போதும்.

எலுமிச்சைத் துண்டை மெருகின்மேல் ஓரிரவு வைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். நிறம் மாறினால் அக்கலம் உணவுக்கு ஆகாது. மாறாவிட்டால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடாது. உணவுக் கலங்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தே வழங்கவேண்டும். கொல்கத்தாவில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்துக்குக் குர்ஜாவிலும் குஜராத்தின் நரோதாவிலும் கிளைகள் உண்டு.

ஒவ்வொரு மெருகையும் முதலில் சிறு தகடுகளில் ஒன்று, இரண்டு, மூன்று பூச்சுகளாக இட்டுச் சுடவேண்டும். தகட்டின் பின்புறம் இரும்பு ஆக்சைடைக் குழைத்துக் கலவையின் பெயரையும் பூச்சின் எண்ணிக்கையையும் எழுதினால், அவ்வெழுத்து சூளையில் அழியாது; மறு ஆண்டு மாணவர்க்கும் அத்தகடுகள் உதவும்.